எட்டுப் பேருக்கான பலகை

“எத்தனை பேருக்கு?” என்று கேட்டாள் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கடைக்காரம்மா.

லிஃப்ட் மெக்கானிக் பெட்டிக்குள் அடுக்கியிருந்த இறைச்சியையும் சீஸையும் பார்த்தார். இருபத்தொன்பது வருடமாக லிஃப்ட்களைப் பழுது பார்க்கிறவர் அவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், கதவு திறந்து உள்ளே காலை வைத்த மாத்திரத்தில் இது ஆறு பேர் வண்டி, இது பதின்மூன்று பேர் வண்டி என்று சொல்லிவிடுவார். ஆனால் அவருடைய வீட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று யாராவது அவரைக் கேட்டு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. விரல்விட்டு எண்ணினார். மகள், மகள் கட்டிக்கொள்ளப்போகிற பையன், பையனின் அப்பா, அம்மா, அக்கா, அக்கா புருஷன்.

“ஆறு பேரு.”

“நீங்க சாப்பிட மாட்டீங்களா?”

“சாப்பிடுவேனே.”

“அப்ப ஏழுன்னு சொல்லுங்க. நீங்களும் ஒரு ஆளுதானே?”

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்து வைத்தார். கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கையுறை மாட்டிய கையால் கண்ணாடியைத் துடைத்தபடி அடுத்த கேள்வியைக் கேட்டாள். “சாப்பாட்டுக்கு முன்னாடி கொறிக்கவா, இல்ல இதேதான் சாப்பாடா?”

“இதேதான் சாப்பாடு” என்றார் மெக்கானிக், கொஞ்சம் பெருமையாகவே.

“கொறிக்கன்னா பாதி போதும். சாப்பாடுன்னா ஒரு ஆளுக்கு இறைச்சி நூத்தி இருபது கிராம், சீஸ் நூறு கிராம் வெச்சுக்கோங்க. இறைச்சி மூணு தினுசு, சீஸ் மூணு தினுசு. சீஸ்ல ஒண்ணு கெட்டியா, ஒண்ணு மெத்துன்னு, ஒண்ணு நாத்தம் புடிச்சதா இருக்கணும்.”

“நாத்தம் புடிச்சதை யாரு சாப்பிடுவா?”

“அதைத்தான் முதல்ல காலி பண்ணுவாங்க, பாருங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பராமரிப்பு அட்டை ஒன்றின் பின்பக்கத்தில், அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ரொட்டி ஆளுக்கு நாலு துண்டு. கிராக்கர் பிஸ்கெட் ஆளுக்கு ஆறு. ஆலிவ் ஆளுக்கு ஐந்து, குழந்தைகள் இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். திராட்சை ஒரு கொத்து, இரண்டு வேண்டாம், அழுகிவிடும். பாதாமும் வால்நட்டும் ஒரு கைப்பிடி. புளிப்புக்கு ஊறவைத்த வெள்ளரி, இனிப்புக்கு உலர்ந்த அத்தி, தேன். சீஸை ஒரு மணி நேரம் முன்னாடியே வெளியே எடுத்து வைக்க வேண்டும். அட்டையின் முன்பக்கத்தில் பிரேக், கதவு உருளை, எண்ணெய் மட்டம் என்று அச்சடித்த கட்டங்கள் இருந்தன. பின்பக்கம் நிறைந்துபோய் ஓரத்திலும் எழுதினார்.

இதெல்லாம் மகளின் தொலைபேசி அழைப்பில் ஆரம்பித்தது. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருந்தாள். மகளுக்கு இருபத்தாறு வயது, கண் கண்ணாடிக் கடையில் வேலை. அவர் இன்றைக்கும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு அவங்க வீட்டுல எல்லாரும் உங்களைப் பாக்க வர்றாங்க. நீங்க ஒண்ணும் சமைக்காதீங்கப்பா. ஒரு சார்க்யூட்டரி போர்டு வெச்சாப் போதும்.”

“சர்க்கு… என்னது?”

“சார்க்யூட்டரி. பலகைப்பா. வெட்டின இறைச்சி, சீஸ், பழம், ரொட்டி எல்லாத்தையும் ஒரு பலகை மேல அடுக்கி வெக்கறது. அடுப்பே மூட்ட வேணாம்.”

“பலகைதானே? அமர்க்களமாச் செஞ்சிடலாம்” என்று அவர் சொன்னபோது, உண்மையில் அவர் மனதில் ஓடியது மரம்தான். பழைய லிஃப்ட் ஒன்றைக் கழற்றியபோது எடுத்து வந்த தேக்குப் பலகை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மூன்று சாயங்காலம் அதை இழைத்தார். பழைய மெருகு முழுதும் போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓரங்களை மழுக்கி, சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, மறுபடியும் தடவினார். முக்கால் மீட்டர் நீளம், நாற்பது சென்டிமீட்டர் அகலம். வீட்டில் இருந்த ஒரே மேஜையை அது முக்கால்வாசி அடைத்துக்கொண்டது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது கொண்டு வந்தது இரண்டு பெட்டி, கருவிப் பெட்டி, ஒரு நாற்காலி. பாப்பாவின் அம்மாவுக்கும் அவருக்கும் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால் சமாதானமும் ஆகியிருக்கலாம். அவர் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. எங்காவது ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு ஓடுவார். வீட்டில் இருக்கிற நேரத்திலும் வாயைத் திறக்கமாட்டார். ஒருநாள் அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள். “யார் வீட்டு லிஃப்ட் நின்னாலும் ஓடுறீங்க. நம்ம வீடு நின்னுபோயி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?” அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது ஆறு மாதம் கழித்து, ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறையில், மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது. அதற்குள் அவர் பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாதாரண ஞாயிற்றுக்கிழமை இல்லை. மகளின் கல்யாணத்தில் தான் எங்கே நிற்பது, முன்வரிசையிலா, கடைசியில் வந்து மொய்க்கவரோடு நழுவுகிற கூட்டத்திலா என்பது அவருக்கு இதுவரை பிடிபடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. அவர்கள் இந்த வீட்டுக்கு வந்து, இந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுப் போனால் அந்தக் கேள்விக்குத் தானாகவே ஒரு பதில் கிடைத்துவிடும் என்று அவர் நம்பினார்.

செவ்வாய்க்கிழமை மடக்கு நாற்காலிகள் ஆறு வாங்கினார். மூன்றாவது மாடிக்கு இரண்டு நடையில் தூக்கிவந்தார். புதன்கிழமை, பலகை அளவுக்கு ஒரு செய்தித்தாளை வெட்டி மேஜையில் விரித்து, பென்சிலால் வட்டம் வட்டமாகக் கோடு போட்டார். நடுவில் தேன் கிண்ணம். அதைச் சுற்றி மூன்று சீஸும் முக்கோணமாக. ஏழு பேரும் எழுந்து நிற்காமல் கை நீட்டினால் எல்லாருக்கும் எல்லாமும் எட்ட வேண்டும் என்பதால், இறைச்சியை இரண்டு இடத்தில் வைப்பதா மூன்று இடத்தில் வைப்பதா என்று வெகுநேரம் யோசித்தார். பிஸ்கெட்டுக்குப் பதிலாக வாஷர்களை அடுக்கிப் பார்த்தார். ஆலிவுக்குப் போல்ட் நட்டுகள். பார்க்க நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நூற்று இருபது கிராம் என்றால் எவ்வளவு? கடைக்குப் போய் ஒரே ஒரு ஆளுக்கான அளவை வாங்கி வந்தார். தட்டில் எல்லாவற்றையும் கணக்காக எடுத்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தார். இறைச்சியில் சலாமி கொஞ்சம் காரமாக, கொழுப்பு நாக்கில் கரைகிற மாதிரி இருந்தது. நாற்றம் பிடித்த சீஸ் முதல் வாயில் குமட்டியது, மூன்றாவது வாயில் பிடித்துப்போனது. பதினோரு நிமிடத்தில் முக்கால்வாசி தீர்ந்து, வயிறு நிறைந்து, மிச்சம் தட்டிலேயே கிடந்தது. அவர் யோசித்தார். பேச்சுத் துணை இல்லாமல் சாப்பிடுகிற ஆள் பதினோரு நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். ஏழு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்து, நடுநடுவே கை நீட்டி ஒரு துண்டு எடுத்தால் எவ்வளவு போகும்? கூடுமா, குறையுமா? அதை அவர் தனியாக உட்கார்ந்து சோதித்துப் பார்க்க வழியில்லை. கூடத்தான் போகும் என்று முடிவு கட்டி, அட்டையில் இறைச்சியை நூற்று ஐம்பதாகத் திருத்தினார்.

வெள்ளிக்கிழமை பகல், ஒரு அலுவலகக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் கதவு உருளை மாற்றிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. ‘அம்மாவும் வரலாம்னு சொல்றாங்க. நிச்சயமில்ல. சும்மா சொல்லி வெக்கிறேன்.’

அவர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு நாலாவது தடவையும் படித்தார். ‘சரி’ என்று பதில் அனுப்பினார். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் முடி வெட்டிக்கொண்டார். பலகைக்கான செய்தித்தாளில் எட்டாவது இடம் ஒன்றைக் குறித்தபோதுதான், அந்த இடத்துக்கு எதிரே எதை வைப்பது என்ற கேள்வி வந்தது. காரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அது பழைய கதை, இப்போது சாப்பிடுகிறாளோ என்னவோ. ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வைத்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் தின்பாள். அதுவும் மாறியிருக்கலாம். பதினெட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட ஆளுக்கு இன்றைக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. காரமில்லாத ஹாம் இறைச்சியை அந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை காலை கடைக்காரம்மா அவரைப் பார்த்ததும் சிரித்தாள். “ஏழு பேருதானே?”

“எட்டு” என்றார். சொல்லும்போது குரல் சற்று உயர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா, ஆளு கூடிக்கிட்டே போகுது. விசேஷமா?”

“பொண்ணுக்குப் பேசி முடிச்சிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க.”

“அப்படிச் சொல்லுங்க!” என்று அவள் கையுறையை மாற்றிக்கொண்டு, இறைச்சியை இயந்திரத்தில் காகிதம் போலச் சீவித் தந்தாள். சலாமியை நாலாக மடித்து விசிறி மாதிரி நிறுத்துவது எப்படி என்று காட்டினாள். அவர் இரண்டு தடவை செய்து காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டார். “கை நல்லா வருதுங்க உங்களுக்கு” என்றாள். அந்த வாரத்தில் அவருக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அன்று முழுக்க அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு நடமாடினார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே அடுக்க ஆரம்பித்தார். வீட்டைக் கூட்டித் துடைத்தாயிற்று. நாற்காலிகளை விரித்தாயிற்று. புதியவை ஆறு, பழையது ஒன்று, எட்டாவதுக்குத் தன் கருவிப் பெட்டியின் மேல் தலையணை போட்டுக்கொண்டார். அது தனக்கு. செய்தித்தாளைப் பார்த்துப் பார்த்து அவர் பலகையை நிரப்பினார். விசிறிகள் நின்றன. அத்திப்பழங்களை இரண்டாகப் பிளந்து சிவந்த பக்கம் மேலே தெரிய வைத்தார். கிண்ணங்களுக்கு நடுவே இருந்த இடுக்குகளில் பாதாமைத் தூவினார். இரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து மேலே போர்த்திவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டார். மத்தியானம் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. வருகிறவர்களோடு சேர்ந்து பசியோடு சாப்பிட வேண்டும் என்று இருந்தது.

மூன்றே முக்காலுக்குப் படிக்கட்டில் குரல்கள் கேட்டன. கதவைத் திறந்து நின்றார். முதலில் மகள், பின்னால் பையன், அவனுக்குப் பின்னால் அவன் அம்மா. கடைசியாகக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்தபடி அவன் அப்பா.

“லிஃப்ட் மெக்கானிக் வீட்டுலயே லிஃப்ட் இல்லையா?” என்று மூச்சு வாங்கியபடி அவர் சிரித்தார். “நல்ல கூத்துங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார்.

“அக்காவும் மாமாவும் வரலைங்க. கைக்குழந்தை தூங்கிட்டான்” என்றான் பையன்.

அவர் மகளைப் பார்த்தார். மகள் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தாள். “அம்மா களைச்சுப் போயிட்டாங்கப்பா. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருந்தாங்க” என்றாள்.

எதற்காகக் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள் என்று அவர் கேட்கவில்லை. அதற்குள் பையனின் அப்பா மடக்கு நாற்காலியில் சாய்ந்து, பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டு, கால்களை நீட்டி, பெருமூச்சுவிட்டுச் சொன்னார். “நகர முடியலைங்க. சம்பந்தி வீட்டுல இன்னிக்கு ஒரு பிடி பிடிச்சாச்சு. போதும்னா விட்டாத்தானே? மூணாவது தடவையும் கொண்டுவந்து தட்டுல வெச்சிட்டாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே ஏதோ தட்டுப்பட்டது. மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். “அதாவது… பொண்ணோட அம்மா வீட்டுல” என்று திருத்தினார். திருத்தியது இன்னும் மோசமாகக் கேட்டது. சம்பந்தி என்றால் யார், அவர் வீடு எது என்பது அந்த அறையில் ஒரு கணம் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. மெக்கானிக், “வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க” என்று சொல்லி உள்ளே போனார்.

குழாயடியில் நின்று நாலு டம்ளர்களை நிரப்பினார். மூன்று மணி என்று சொன்னார்கள். மூன்று மணிக்கு யார் வெறும் வயிற்றோடு வருவார்கள்? இது யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கடைக்காரம்மா வாயைத் திறந்து கேட்டாளே, கொறிக்கவா சாப்பாடா என்று. வீட்டுக்கு வருகிறவர்கள் எப்போது சாப்பிட்டுவிட்டு வருவார்கள், எப்போது சாப்பிட வருவார்கள் என்கிற சாதாரணக் கணக்கு தனக்கு மறந்துபோயிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. பலகையை அப்படியே துணியோடு தூக்கி உள்ளே கொண்டுவந்துவிடலாமா என்று நினைத்தார். அதற்குள் வெளியே பையனின் அம்மாவின் குரல் கேட்டது. “மேஜை மேல மூடி வெச்சிருக்கே, என்னங்க இது?”

“ஒண்ணுமில்லைங்க. சும்மா கொறிக்க, கொஞ்சமா” என்று சொல்லிக்கொண்டே வந்து அவர் துணியை எடுத்தார்.

விசிறிகளும் அத்திப்பழங்களும் திராட்சைக் கொத்தும் முக்கோணமாக நின்ற மூன்று சீஸும், ரொட்டித் துண்டுகளின் இரட்டை வரிசையும் முக்கால் மீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடந்தன. பையனின் அம்மா, “அய்யோ, இவ்வளவா!” என்றாள். அது தன்னை மீறி வந்த சத்தம். பிறகு அன்பாக, “யாருங்க இவ்வளவு அழகா அடுக்கினது?” என்று கேட்டாள்.

“நான்தான்.”

“பாருடா” என்று அவள் மகனைப் பார்த்தாள். “கத்துக்கோ.”

அவர்கள் நல்ல மனிதர்கள். அவர் பிறகு யோசித்தபோதெல்லாம் அதையேதான் நினைத்தார். மரியாதைக்காக ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். பையனின் அம்மா நாலு திராட்சையும் ஒரு பாதாமும். அப்பா ஒரு துண்டு சீஸ், நாற்றம் பிடித்ததை, “அடேயப்பா” என்று சொல்லி விழுங்கினார். பையன் இரண்டு சலாமி எடுத்தான். ஒரு விசிறி சரிந்தது, அதை அவன் பயந்துபோய் நிமிர்த்தி வைக்கப் பார்த்தான். மகள் எதையும் எடுக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு சுற்றிச் சுற்றிக் கடைசியில் லிஃப்ட்டுக்கு வந்தது. பையனின் அப்பா, எல்லாரும் கேட்பதையே கேட்டார். “கயிறு அறுந்தா என்னங்க ஆகும்?” மெக்கானிக், எப்போதும் சொல்வதையே சொன்னார். ஒரு கயிறு இல்லை, ஐந்தாறு கயிறு. அத்தனையும் அறுந்தாலும் கீழே போகாது, வேகம் கூடினாலே பக்கவாட்டுத் தண்டவாளத்தை ஒரு கவ்வி கவ்விப் பிடித்துக்கொள்ளும். அவர் இரண்டு கையையும் வைத்து அந்தக் கவ்வி எப்படிப் பிடிக்கும் என்று காட்டியபோது, அவர்கள் உண்மையாகவே ஆர்வமாகக் கேட்டார்கள். அந்தப் பத்து நிமிடம் நன்றாக இருந்தது. கல்யாண மண்டபத்தைப் பற்றியோ அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றியோ யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலரைக்கு, குழந்தை எழுந்திருப்பான் என்று அவர்கள் எழுந்தார்கள்.

“நீங்க கீழ போயிட்டிருங்க. அஞ்சு நிமிஷத்துல வந்திடறேன்” என்றாள் மகள் பையனிடம்.

கதவு சாத்தியதும் அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, அதன் மேல் ஹாமை வைத்து, சீஸ் வைத்து, மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடிப்பதற்குள் அடுத்ததை எடுத்தாள். பிறகு ஒரு அத்தி. பிறகு ஆலிவ் இரண்டு. மறுபடி ரொட்டி.

“பாப்பா, நீ அங்க சாப்பிட்டுட்டுத்தானே வந்தே?”

“உம்.”

“அப்புறம் என்னத்துக்கு? வயித்தைக் கெடுத்துக்காதே.”

“நீ பேசாம இரு” என்றாள். வாய் நிறைய இருந்ததால் வார்த்தை குழறியது. வீட்டை விட்டு அவர் போன பிறகு அவள் அவரை நீ என்று சொன்னதே இல்லை. எந்த நாளிலிருந்து தான் ‘நீங்க’ ஆகிப்போனார் என்று அவருக்கு ஞாபகமில்லை. சரி என்று அவரும் பேசாமல் இருந்தார். அவள் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கி உதட்டோரம் வந்தது. அவள் அதைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சலாமி விசிறி ஒன்றை மொத்தமாக எடுத்தாள்.

“மூணு மணின்னா டீக்குப்பா. நான் சரியாச் சொல்லியிருக்கணும்.”

“நீ சரியாத்தான் சொன்னே.”

“அம்மாகிட்டயும் சொன்னேன். மதியம் லேசா ஏதாச்சும் போதும்னு. அவங்க கேக்கல.”

“அவ எப்பவுமே அப்படித்தான். வந்தவங்க வயிறு நிறையணும் அவளுக்கு” என்றார் அவர். சொல்லிவிட்டு, தன் குரலில் பெருமை மாதிரி ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தார்.

கீழே காரின் ஹாரன் ஒரு முறை, மன்னிப்புக் கேட்பது போல மெல்ல ஒலித்தது. மகள் எழுந்து கை கழுவினாள். வாசலில் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “முடி வெட்டிக்கிட்டீங்களா? நல்லா இருக்கு” என்றாள். மறுபடி நீங்க வந்துவிட்டது. இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். “பாத்துப் போ” என்று அவர் முந்திக்கொண்டார்.

அவர் நாற்காலிகளை மடிக்கவில்லை. குளிர்பெட்டியின் தட்டு ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். பலகை அதற்குள் போகாது. கிண்ணங்களைத் தனியாக எடுத்து வைக்கலாம், இறைச்சியைப் பெட்டியில் போடலாம், எல்லாம் அரை மணி நேர வேலை. ஆனால் கை ஓடவில்லை. வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்து மேஜையைத் தொட்டது. சீஸின் மேல் பொடிப் பொடியாக வேர்த்திருந்தது. அவருக்குப் பசித்தது, நன்றாகவே பசித்தது. கருவிப் பெட்டித் தலையணையில் உட்கார்ந்தார். ஒரு ரொட்டித் துண்டை எடுத்தபோது தொலைபேசி அடித்தது.

அந்த எண்ணை அவர் பெயர் போட்டுச் சேமித்து வைத்திருக்கவில்லை. வைக்கத் தேவையும் இல்லை.

“நான்தான்” என்றாள் பாப்பாவின் அம்மா.

“சொல்லு.”

“பாப்பா காருலேர்ந்து செய்தி போட்டா. நீங்க நெறைய ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தீங்களாமே.”

“பெரிசா ஒண்ணுமில்ல. கடையில வாங்கினதுதான்.”

“எனக்குத் தெரியாதுங்க. டீயும் பிஸ்கெட்டும் வெப்பீங்கன்னு நெனச்சேன். தெரிஞ்சிருந்தா நான் இப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்.”

“தெரியும்.”

“வேணும்னு பண்ணல.”

“தெரியும்னு சொல்றேனே.”

அவர் நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். அவளுக்கும் வேறு எதையோ கேட்க வேண்டியிருந்தது போலிருந்தது. ஆனால் கேட்டது இதைத்தான்.

“ரொம்ப மிஞ்சிப்போச்சா?”

அவர் பலகையைப் பார்த்தார். மகள் சாப்பிட்ட ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மரம் தெரிந்தது. மற்றபடி அது போர்த்தியிருந்த துணியை எடுத்தபோது இருந்த மாதிரியே இருந்தது.

“இல்லியே” என்றார். “நல்லா சாப்பிட்டாங்க. கொஞ்சம்தான் கெடக்கு.”

“அப்பாடா” என்றாள். நிஜமாகவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அது அவருக்குக் கேட்டது. “சரி, இங்க பாத்திரம் மலை மாதிரிக் கெடக்கு. போட்டது போட்டபடி உங்களைக் கூப்பிட்டேன். வெச்சிடறேன்.”

“சரி.”

அவள் வைக்கவில்லை. தொலைபேசியை எங்கோ மரத்தின் மீதோ கல்லின் மீதோ கவிழ்த்து வைத்தது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாளா, இல்லை தெரிந்தேதான் விட்டாளா என்று அவருக்குப் புரியவில்லை. குழாய் திறந்தது. தண்ணீர் முதலில் வெறும் தொட்டியில் விழுந்து அதிர்ந்தது, பிறகு எதற்குள்ளோ நிரம்பத் தொடங்கிச் சத்தம் மெல்ல அடங்கியது. தட்டும் தட்டும் உரசின. கரண்டிகள் ஒரு பிடியாக ஒன்றாக விழுந்தன. நடுவில் அவள் ஒரு தடவை இருமினாள். அவர் தொலைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மேஜையில் வெயில் பலகையின் பாதிவரை வந்துவிட்டிருந்தது. கையிலிருந்த ரொட்டியை அவர் அறியாமலே வாயில் போட்டிருந்தார்.

அங்கே குழாயை மூடினாள். அந்தப் பக்கம் முழுக்க அமைதியாகிவிட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். இந்தப் பக்கம், மெல்லுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று, அவர் ரொட்டியை வாய்க்குள் அப்படியே அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.